மெதெயின் நகரின் ரோப்காரும் மலைச்சரிவுச் சீரமைப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலைச்சரிவுக் குடியிருப்புகளுக்கு ரோப்கார் விட்டு, அதைச் சுற்றி அந்தப் பகுதிகளையே சீரமைத்த ஊர் என்று கொலம்பியாவின் மெதெயின் நகரத்தை பல நாட்டுத் திட்டமிடல் வகுப்புகளில் காட்டுகிறார்கள். படத்தில் ரோப்கார் பெட்டி அழகாகத் தெரியும். பெட்டிக்குக் கீழே, தரையில் நடந்த வேலை தெரியாது. உண்மையில் பாடம் இருப்பது அங்கேதான். நகரத் திட்டமிடல் படிப்பவர்களுக்கும் உள்ளாட்சி வேலையில் இருப்பவர்களுக்கும் வரும் கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறோம்.

மெட்ரோ ரயில் ஏற்கெனவே இருந்த ஊரில் ரோப்கார் எதற்கு?

மெதெயின் இருப்பது அபுர்ரா என்னும் குறுகிய பள்ளத்தாக்கில். நடுவே ஆறு, இரு பக்கமும் மலை. 1995 நவம்பர் 30 அன்று ஓடத் தொடங்கிய மெட்ரோவின் முதன்மைத் தடம் ஆற்றை ஒட்டி வடக்கு தெற்காகச் செல்கிறது. ஆனால் 1950களிலிருந்து கிராமப்புற வன்முறைக்குத் தப்பி வந்தவர்கள் குடியேறியது மலைமேல். பட்டா கிடையாது, ஒழுங்கான சாலை கிடையாது. வடகிழக்கில் பொபுலார், சான்டா க்ரூஸ் என்ற இரண்டு மாநகரப் பிரிவுகள் இப்படி வளர்ந்தவை. அங்கிருந்து கீழே வர வளைந்து வளைந்து இறங்கும் பேருந்துதான் வழி. ஊரின் மறுகோடியில் வேலை என்றால் இரண்டு பேருந்து, இரண்டு டிக்கெட்.

மெட்ரோ நிறுவனத்துக்கும் ஒரு கணக்கு இருந்தது. ரயிலில் இடம் மீதியிருந்தது, ஆட்கள் மலைமேல் இருந்தார்கள். அகலமான சாலை போட வேண்டுமானால் வீடுகளை வரிசையாக இடிக்க வேண்டும். ரோப்காருக்கோ நிலையங்களுக்கும் தூண்களுக்கும் மட்டும் நிலம் போதும். மேயர் லூயிஸ் பெரெஸ் காலத்தில் (2001–2003) முடிவாகி, 2004இல் கே (K) என்ற முதல் ரோப்கார் தடம் திறக்கப்பட்டது.

கே தடத்தின் அளவுகள் என்ன?

மெட்ரோவின் அசெவேடோ நிலையத்தில் தொடங்கி அந்தலூசியா, பொபுலார் வழியாக சான்டோ டொமிங்கோ வரை, ஆக 4 நிலையங்கள். நீளம் சுமார் 2 கி.மீ., ஏற்றம் சுமார் 400 மீட்டர். 90 சொச்சம் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 10 பேர் வரை. உச்ச வேகம் நொடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கி.மீ. ஒரு திசையில் மணிக்கு 3,000 பேர். கீழிருந்து மேலே போக ஏறத்தாழ 10 நிமிடம்.

பெட்டி நிற்பதே இல்லை என்கிறார்களே, எப்படி ஏறி இறங்குகிறார்கள்?

ஒரே கம்பிவடம்தான் பெட்டியைத் தாங்குகிறது, அதுவே இழுக்கிறது. அந்த வடம் நிலையத்திலும் அதே வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும். பெட்டியின் தலையில் வில்சுருள் அழுத்தத்தில் வடத்தைக் கவ்வும் கிளாம்ப் ஒன்று உண்டு. நிலையத்துக்குள் நுழைந்ததும் ஒரு தண்டவாளம் அந்தக் கிளாம்பைத் திறந்துவிடும். வடத்திலிருந்து கழன்ற பெட்டி ரப்பர் சக்கர வரிசையில் உருண்டு, நடக்கும் வேகத்துக்கும் கீழே குறையும். கதவு திறக்கும், ஆட்கள் மாறுவார்கள், கதவு மூடும். பிறகு அதே போன்ற சக்கரங்கள் வடத்தின் வேகத்துக்கு அதைத் தள்ளிவிட, கிளாம்ப் மறுபடி கவ்விக்கொள்ளும். சரியாகக் கவ்வியதா என்று உணரிகள் சோதிக்கும். சந்தேகம் என்றால் மொத்தத் தடமும் நிற்கும்.

இந்தக் கழலும் கிளாம்ப் இல்லாமல் இப்படி இடைவிடாது ஆள் ஏற்றும் ரோப்கார் நடக்காது. பெட்டி வடத்தோடு நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டிருந்தால், ஒருவர் ஏற வேண்டும் என்பதற்காக வடம் முழுக்க நிற்கவோ மெதுவாகவோ வேண்டும்.

ஒரு முனை நிலையத்தில் மின் மோட்டார், கூடவே மின்சாரம் போனால் பெட்டிகளை நிலையங்களுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் அளவுக்கு டீசல் எஞ்சின். மறுமுனையில் வடத்தை இறுக்கிவைக்கும் ஹைட்ராலிக் அமைப்பு. நடுவே தூண்கள், தூண்தோறும் கப்பி வரிசைகள். தேய்மானம் அதிகம் இந்தக் கப்பிகளின் ரப்பரிலும் கிளாம்பிலும்தான்.

மணிக்கு 3,000 பேர் என்பது அதிகமா, குறைவா?

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 3,000 பேரை 10 பேர் பெட்டியில் ஏற்ற மணிக்கு 300 பெட்டிகள் வேண்டும், அதாவது 12 நொடிக்கு ஒன்று. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இரண்டு பெட்டிகளுக்கு இடையே 60 மீட்டர். பேருந்துக் கணக்கில் சொன்னால் நிமிடத்துக்கு ஒரு பேருந்து, 50 பேரோடு. மலைச்சந்தில் அப்படிப் பேருந்து விடவே முடியாது என்பதால் அங்கே இது பெரிய எண். சமவெளியில் ஓர் அகலமான சாலையில் இது சாதாரணம்.

இன்னொன்று, இந்த எண்ணைப் பிறகு உயர்த்துவது கடினம். ரயிலுக்குப் பெட்டி சேர்ப்பதுபோல ரோப்காருக்குச் சேர்க்க முடியாது. வடம், மோட்டார், தூண் எல்லாம் ஆரம்பத்திலேயே குறிப்பிட்ட பாரத்துக்குக் கணக்கிடப்பட்டவை. கே தடத்தில் காலை நேரத்தில் நீண்ட வரிசை நின்றதற்கு இதுவே காரணம். அந்தப் பாடத்தால், 2021இல் அதே அசெவேடோ நிலையத்திலிருந்து எதிர்ப்புற மலைக்குப் போட்ட பி (P) தடத்தை மணிக்கு 4,000 பேருக்கு வடிவமைத்தார்கள்.

ரோப்கார் வந்ததாலேயே பகுதி மாறிவிட்டதா?

இல்லை. ரோப்கார் திறந்த அதே ஆண்டு பொறுப்பேற்ற மேயர், கணிதப் பேராசிரியரான செர்ஹியோ ஃபஹார்டோ (2004–2007). முந்தைய மேயர் போட்ட தடத்தை அவர் ஓரங்கட்டாமல், அதையே முதுகெலும்பாக வைத்து 'ஒருங்கிணைந்த நகரத் திட்டம்' என்ற ஒன்றை வடகிழக்கில் தொடங்கினார். நடத்தியது மாநகராட்சிக்குச் சொந்தமான நகர மேம்பாட்டு நிறுவனம். அதற்குத் தலைமை தாங்கியவர் கட்டடக் கலைஞர் அலெஹாண்ட்ரோ எச்செவெர்ரி.

முதல் விதி: வேலை நடக்கும் எல்லையை வரைபடத்தில் நிலையங்களைச் சுற்றி வரைந்தார்கள். காசைப் பகுதி முழுக்கத் தூவாமல் நடந்து போகும் தூரத்துக்குள் குவித்தார்கள். இரண்டாவது, பள்ளிக்கூடத் துறை, பூங்காத் துறை, வீட்டுவசதி, சாக்கடை என்று தனித்தனியாக வந்து தோண்டிப் போகாமல், ஒரே நிறுவனம் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. மூன்றாவது, ஒவ்வொரு நிலையத்துக்கும் குடியிருப்போர் பட்டறைகள். எந்தப் படிக்கட்டு இரவில் இருட்டு, எந்த ஓடையைத் தாண்டக் குழந்தைகள் சுற்றிப் போகிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரிந்தது.

விளைவாக வந்தவை பெரும்பாலும் சின்ன வேலைகள். அந்தலூசியா நிலையத்தின் அடியிலேயே 107ஆம் தெருவை வாகனங்களுக்கு ஒடுக்கி, அகலமான நடைபாதையும் மரமும் விளக்கும் வைத்தார்கள். கடைகள் தெருப்பக்கம் திறந்தன. ஓடைக்கு இரு கரையில் இருந்த அந்தலூசியா, லா பிரான்சியா பகுதிகளை ஒரு நடைபாலம் இணைத்தது. கும்பல் எல்லைகளால் ஒரு கரையார் மறுகரைக்குப் போக அஞ்சிய இடம் அது. சின்னப் பூங்காக்கள், பள்ளி விரிவாக்கம், உள்ளூர் தொழில் தொடங்குவோருக்குக் கடன் வழிகாட்டும் மையம், உச்சியில் நூலகப் பூங்கா.

இதில் வரிசை முக்கியம். முதலில் சீக்கிரம் முடியும் வேலையை (படிக்கட்டு, கைப்பிடி, விளக்கு) முடித்துக் காட்டினார்கள். பத்தாண்டுகளாக வாக்குறுதி மட்டும் கேட்ட மக்கள் அதற்குப் பிறகுதான் வீட்டை அளக்க உள்ளே விட்டார்கள்.

வீடுகளை என்ன செய்தார்கள்? எல்லோரையும் வெளியே அனுப்பினார்களா?

ஹுவான் போபோ ஓடைக்கரையில் நடந்தது இந்தத் திட்டத்திலேயே அதிகம் கற்க வேண்டிய பகுதி; சுற்றுலா வருகிறவர்கள் கவனிக்காததும் அதுதான். ஓடையின் இரு கரையிலும் சுமார் 300 குடும்பங்கள். பல வீடுகள் ஓடைக்கு மேலேயே நின்றன. வழக்கமான தீர்வு, ஊருக்கு வெளியே அடுக்குமாடி கட்டி அனுப்பிவிடுவது. இங்கே யாரும் அந்தப் பகுதியை விட்டுப் போகத் தேவையில்லை என்று முதலிலேயே உறுதி கொடுத்துத் தொடங்கினார்கள்.

செய்த முறை ஏறத்தாழ இப்படி:

வீடு வீடாகக் கணக்கெடுத்து, அந்தத் தேதியோடு பட்டியலை மூடினார்கள். இல்லாவிட்டால் புது வீடு கிடைக்கும் என்று கேள்விப்பட்டுப் புதுக் குடிசைகள் முளைக்கும். பிறகு ஒவ்வொரு வீட்டையும் பொறியாளர் பார்த்து, இருந்த இடத்திலேயே பலப்படுத்தலாமா, இடிக்கத்தான் வேண்டுமா என்று பிரித்தார்கள். உள்ளேயே கிடைத்த சின்ன மனைகளில் மின்தூக்கி தேவைப்படாத உயரத்தில், சரிவைப் பயன்படுத்தி நடுத்தளத்திலிருந்தும் நுழையும்படி குடியிருப்புக் கட்டடங்கள் எழுந்தன. ஓடைவிளிம்புக் குடும்பங்கள் முதலில் அங்கே போயின. அவர்கள் காலி செய்த இடத்தில்தான் அடுத்த வேலைக்கு இடம் கிடைத்தது. காலியான கரையில் கழிவுநீர்க் குழாய், நடைபாதை, கைப்பிடிச்சுவர். கடைசியில் உரிமைப் பத்திரம்.

இடறும் இடம் நடுக்கட்டம். முதல் கட்டடம் தாமதமானால் சங்கிலி முழுக்க நிற்கும். குடும்பங்கள் தற்காலிக வாடகையில் மாட்டிக்கொள்ளும், உதவித்தொகை நின்றால் திரும்பி வந்து பழைய இடத்திலேயே தகரம் அடிக்கும். இன்னொரு சிக்கல் பராமரிப்பு: தனி வீட்டில் இருந்தவர்களுக்குப் பொதுப் படிக்கட்டு, பொதுத் தண்ணீர்த் தொட்டி, மாதச் சந்தா எல்லாம் புதிது. கட்டடம் கட்டும் செலவில் இதற்கான ஆட்களையும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குச் சேர்க்காவிட்டால் தொட்டியிலிருந்து சண்டை தொடங்கும்.

பணம் எங்கிருந்து வந்தது?

கே தடத்துக்கு மாநகராட்சியும் மெட்ரோ நிறுவனமும் பங்கிட்டுக்கொண்டன. மொத்தம் ஏறத்தாழ 2.5 கோடி அமெரிக்க டாலர். மற்ற வேலைகளுக்குப் பின்னால் இருந்தது மெதெயினின் தனிச்சொத்தான பொதுச்சேவை நிறுவனம். 1955இல் தொடங்கிய அது மின்சாரம், தண்ணீர், எரிவாயு மூன்றையும் விற்கிறது. முழுக்க மாநகராட்சிக்குச் சொந்தம். லாபத்தில் பெரும் பங்கை ஆண்டுதோறும் மாநகராட்சிக்குத் தருகிறது. மெதெயினைப் பார்த்து நகலெடுக்கப் போகும் ஊர்கள் பெரும்பாலும் இந்த வரியைத் தாண்டிப் படித்துவிடுகின்றன. கடன் வாங்கி ரோப்கார் கட்டலாம். நாற்பது சின்ன வேலைகளை நான்கு ஆண்டுகளுக்குள் முடிக்கக் கையில் ரொக்கம் ஓட வேண்டும்.

டிக்கெட் எப்படி?

மெட்ரோவிலிருந்து ரோப்காருக்கு மாறத் தனிக் கட்டணம் இல்லை, ஒரே டிக்கெட். மலைமேல் இருப்பவருக்குத் தினமும் மிச்சமாவது இதுதான், நேரத்தைவிட இதைப் பெரிதாகச் சொல்பவர்கள் அதிகம். தனிக் கட்டணம் வைத்திருந்தால் பலர் பேருந்திலேயே போயிருப்பார்கள். விதிவிலக்கு எல் தடம்: சான்டோ டொமிங்கோவிலிருந்து ஆர்வி காட்டுப் பூங்காவுக்குப் போகும், 2010இல் வந்த அது சுற்றுலாத் தடம், கட்டணமும் வேறு.

எல்லாத் தடங்களும் இதே அளவு பலன் தந்தனவா?

கிடையாது. 2008இல் மேற்கே சான் ஹவியரிலிருந்து லா அவுரோராவுக்குப் போட்ட ஜே தடம் சுமார் 2.7 கி.மீ. பாதையில் ஆழமான ஓடைகள், சிதறிய குடியிருப்பு. உச்சியில் நுவேவோ ஒக்சிடென்டே என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு. மொராவியா குப்பைமேட்டிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களில் பலரும் அங்கேதான் அனுப்பப்பட்டார்கள். மையத்துக்குப் பக்கத்தில் பொறுக்கியும் விற்றும் பிழைத்தவர்களுக்கு மலையுச்சியில் வீடு கிடைத்தது, பிழைப்பு கிடைக்கவில்லை. ரோப்கார் போக்குவரத்தைத் தரும், வேலையைத் தராது. ஹுவான் போபோவோடு ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

கிழக்கே வேறு முறை. ஆயாகுச்சோ தெருவில் 4.3 கி.மீ. டிராம் விட்டு, அதிலிருந்து மலைக்கு எச், எம் என்ற இரண்டு குட்டி ரோப்கார்கள். 2016இலும் 2019இலும் வந்த இவை ஒவ்வொன்றும் ஒன்றரை கிலோமீட்டருக்கும் குறைவு. தெருவே சீரமைப்பின் மையம் என்பதால் கடைக்காரர்களுக்குக் கட்டுமானக் காலத்தில் அடி பலமாக விழுந்தது.

13ஆம் மாநகரப் பிரிவில் 2011 டிசம்பரில் திறந்தவெளி நகரும் படிக்கட்டு: 6 கட்டமாக 384 மீட்டர், கட்டணம் இல்லை. இன்று அதில் ஏறுவோரில் கணிசமானோர் சுற்றுலாப் பயணிகள். சுவரோவியத்தால் வருமானம் வந்தது. வீட்டு வாசலில் ஒலிபெருக்கியும் கூட்டமும் சேர்ந்தே வந்தன.

கொலைகள் குறைந்தது ரோப்காராலா?

1991இல் மெதெயினில் லட்சம் பேருக்கு 380 அளவில் கொலைகள் நடந்தன. பிறகு பெருமளவு குறைந்தது உண்மை. ரோப்கார் வந்த 25 பகுதிகளையும் வராத 23 பகுதிகளையும் 2003க்கும் 2008க்கும் இடையே ஒப்பிட்ட ஓர் ஆய்வு, வந்த பகுதிகளில் கொலைவீதம் 66 விழுக்காடு கூடுதலாகக் குறைந்ததாகக் கண்டது. ஆனால் அந்த ஆய்வு அளந்தது ரோப்காரும் தரைவேலையும் சேர்ந்த மொத்தப் பொதியை. அதே ஆண்டுகளில் துணைராணுவக் குழுக்கள் எனப்பட்ட தனியார் ஆயுதக் குழுக்கள் ஆயுதத்தை ஒப்படைத்தன, ஒரே தாதாவின் கட்டுப்பாட்டில் கும்பல்கள் அடங்கிக் கிடந்தன. 2008இல் அந்தத் தாதா அமெரிக்காவுக்கு நாடுகடத்தப்பட்டதும், மறு ஆண்டு ஊரில் கொலைகள் மறுபடி ஏறின. பெட்டிகள் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ரோப்காருக்குப் பங்கு உண்டு, முழுப் பெருமையும் கிடையாது.

திட்டத்தில் வெளிப்படையாகத் தோற்றது எது?

உச்சியில் இருந்த எஸ்பான்யா நூலகப் பூங்கா. ஜான்கார்லோ மஸான்டி வடிவமைத்து 2007இல் திறந்த கருப்பு ஸ்லேட் கல் போர்த்த மூன்று கட்டடங்கள். உலகப் பத்திரிகைகளில் எல்லாம் படம் வந்தது. சில ஆண்டுகளிலேயே வெளிப்போர்வையில் பழுது, பிறகு கட்டமைப்பிலேயே குறை என்று தெரிந்து 2015இல் மூடப்பட்டு, நெடுங்காலம் மூடியே கிடந்தது. ஈரமும் நகர்வும் உள்ள சரிவில் மேயரின் பதவிக்காலத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் கனமான போர்வைக் கல்லை ஏற்றுவது ஆபத்து. படிக்கட்டும் நடைபாலமும் இன்னும் நிற்கின்றன.

ஓட்டுவதில் என்னென்ன சிக்கல்?

இடி மின்னல் வந்தால் நிறுத்தியாக வேண்டும். பலத்த காற்றிலும் அப்படியே. ஆண்டுக்கு ஒருமுறை சில நாள் முழுப் பராமரிப்புக்கு மூடுவார்கள். பழனி ரோப்காரை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் பழனியில் மூடினால் படி ஏறலாம் அல்லது இழுவை ரயிலில் போகலாம். மெதெயினில் மூடினால் ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் போக வேண்டும் என்பதால், அந்நாட்களுக்கு மாற்றுப் பேருந்து முன்கூட்டியே ஏற்பாடாகிறது. வடம் நாளடைவில் நீளும், வெட்டிச் சுருக்கிப் பின்ன வேண்டும். உள் இழைகள் அறுந்துள்ளனவா என்று காந்தக் கருவியால் பார்க்க வேண்டும். கிளாம்புகளைச் சுழற்சி முறையில் கழற்றிச் சோதிக்க வேண்டும்.

2024 ஜூன் 26 அன்று கே தடத்தின் பொபுலார் நிலையத்தில் ஒரு பெட்டி விழுந்து ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தனர். இருபது ஆண்டு ஓடிய தடம் அது. புதிதாகத் திட்டமிடுவோர் இருபதாம் ஆண்டின் உதிரிபாகச் செலவையும் முதல் நாளே எழுதிவைக்க வேண்டும்.

மற்ற ஊர்கள் நகலெடுத்தது என்ன ஆயிற்று?

பொலிவியாவின் லா பாஸ் 2014இல் தொடங்கி ஐந்தே ஆண்டில் 10 தடங்கள், 30 கி.மீ.க்கு மேல் போட்டது. அங்கே ரோப்காரே ஊரின் மெட்ரோ. ரியோ டி ஜெனிரோ 2011இல் அலெமாவ் குன்றுகளில் 6 நிலையங்களோடு 3.5 கி.மீ. போட்டு, மாநில அரசு நடத்துநருக்குப் பணம் தராததால் 2016இல் நிறுத்தியது. நிலையங்களைக் குன்றின் உச்சிகளில் வைத்தார்கள், ஆட்கள் இடையே பள்ளங்களில் இருந்தார்கள். அங்கிருந்தோர் முதலில் கேட்டது சாக்கடை.

ஒரு மலைக் குடியிருப்புக்குத் திட்டமிட்டால் எங்கே தொடங்குவது?

உச்ச மணியில் ஒரு திசையில் எத்தனை பேர் என்பதில். 30,000 பேர் வாழும் சரிவில் பத்தில் ஒருவர் காலை ஒரு மணி நேரத்துக்குள் இறங்கினாலே 3,000. தடம் திறந்த அன்றே நிரம்பிவிடும். அடுத்து, கீழே இணையும் ரயிலிலோ பேருந்திலோ அந்த 3,000 பேருக்கு இடம் உண்டா? நடை எல்லையைச் சமவெளிபோல 500 மீட்டர் வட்டமாக வரையாதீர்கள். சரிவில் படி எண்ணி, நிமிடத்தில் அளக்க வேண்டும். நிலையத்துக்கு மேலே இருப்பவர் காலையில் சுலபமாக இறங்கி வருவார், மாலையில் பையோடு ஏறுவது வேறு கதை. அவர்களுக்கு மேல் நிலையத்திலிருந்து சிற்றுந்து வேண்டும்.

தடத்தின் அடியில் இருக்கும் வீடுகளுக்கு இனி மாடி எழுப்ப உயர வரம்பு வரும். அதைத் தூண் நட்ட பிறகு சொன்னால் வழக்கு வரும். மேலிருந்து மொட்டை மாடி, குளியலறை எல்லாம் தெரியும் என்பதும் பட்டறையில் பெண்கள் எழுப்பும் முதல் கேள்வியாக இருக்கும்.

முதியவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் ஏற முடியுமா?

நிலைய ஊழியர் பெட்டியை மெதுவாக்கியோ நிறுத்தியோ ஏற்றுவார். நிலையம் வரை வந்து சேர்வதுதான் பாடு. அந்தச் சரிவில் பல வீடுகளுக்கு வாசல் வரை வருவது படிக்கட்டு மட்டுமே.